பொரிப்பு இறங்கினால் எங்கே தேடுவது: பிராய்லர் தாய்க்கோழிப் பண்ணைக்கு அறிகுறி வாரியான வழிமுறை

பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்தில், பிராய்லர் குஞ்சுக்காக முட்டையிடும் தாய்க்கோழிகளை வளர்க்கும் பண்ணைகளிலிருந்து வரும் அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "சார், போன வாரம் நூத்துக்கு 84 பொரிச்சது, இந்த வாரம் 76தான் வந்திருக்கு. தண்ணியில என்ன மருந்து விடலாம்?" மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: பொரிக்காத முட்டைகள் எங்கே? அநேகமாகக் குழிக்குப் போயிருக்கும். என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய சாட்சி அந்த முட்டைகள்தான். அவற்றை உடைத்துப் பார்க்காமல் வைட்டமினுக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் பணத்தைக் கொட்டிய பண்ணைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

நாள் கணக்கையும் மறக்கக் கூடாது. முட்டை பொரிக்க 21 நாள். அதற்கு முன் முட்டை அறையில் மூன்று முதல் ஐந்து நாள். அந்த முட்டை கருவுற்றது அதற்கும் சில நாள் முன்னால் சேவல் ஏறியதால். ஆக, இன்று ஹேச்சரி (குஞ்சு பொரிப்பகம்) சொல்லும் எண் உங்கள் ஷெட்டின் ஒரு மாதத்துக்கு முந்தைய நிலை. பதிவேட்டை அங்கிருந்து புரட்டுங்கள். தீவன லோடு மாறிய தேதி, தடுப்பூசி போட்ட தேதி, கரண்ட் போன இரவு, வெயில் உச்சத்துக்குப் போன வாரம், ஆள் மாறிய நாள் எல்லாம் அந்தப் பக்கங்களில்தான் இருக்கும்.

முதலில் உடைத்துப் பாருங்கள்

ஒரே பேட்ச்சின் (ஒரே வயதுக் கோழிக் கூட்டத்தின்) முட்டைகளில் நாலைந்து டிரேயை, செட்டரின் (அடைகாக்கும் இயந்திரத்தின்) மேல், நடு, கீழ் என்று வெவ்வேறு இடத்திலிருந்து எடுங்கள். பொரிக்காத முட்டை ஒவ்வொன்றையும் அகலமான முனையில், காற்றறைப் பக்கம் உடைத்துத் திறந்து ஐந்து கூறாகப் பிரியுங்கள்: கூமுட்டை (கருவுறாதது), முதல் வாரத்தில் செத்தது, இரண்டாம் வாரத்தில் செத்தது, மூன்றாம் வாரத்தில் செத்தது அல்லது ஓட்டைக் கொத்தியும் வெளியே வராதது, அழுகியது.

30 முதல் 45 வார வயதில் நன்றாக இருக்கும் பேட்ச்சில் கூமுட்டை நூற்றுக்கு ஐந்துக்குள் இருக்கும். முதல் வாரச் சாவு நாலைந்து, இரண்டாம் வாரச் சாவு ஒன்றுக்குள், மூன்றாம் வாரச் சாவு மூன்று என்பது பொதுவான அளவு. எந்தக் கூறு வீங்கியிருக்கிறதோ அங்கேதான் தேட வேண்டும்.

கூமுட்டை கூடியிருக்கிறது

குஞ்சு குறைவதற்கு இதுதான் முதல் காரணம், அதனால் இதில் கொஞ்சம் நிறுத்திப் பேசுகிறேன்.

கேண்டிலிங்கில் (முட்டைக்குப் பின்னால் விளக்கு வைத்துப் பார்ப்பதில்) வெளிச்சம் தெளிவாக ஊடுருவினால் உடனே "சேவல் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தெளிந்த முட்டைகளில் ஒரு பகுதி கருவுற்று, முதல் இரண்டு நாளிலேயே செத்ததாக இருக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு, தீர்வும் வேறு. சந்தேகம் தீர நான் செய்வது இது: அன்று இட்ட முட்டையில் ஐம்பதை எடுத்து உடைத்து, மஞ்சள் கருவின் மேல் இருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பார்ப்பேன். கருவுறாத முட்டையில் அது சின்னதாக, கெட்டியாக, ஓரம் பிசிறாக இருக்கும். கருவுற்றதில் சற்றுப் பெரிதாக, உளுந்து வடை மாதிரி வட்டமாக, நடுவில் தெளிவாக இருக்கும். நல்ல முட்டை ஐம்பதை உடைக்கப் பண்ணைக்காரருக்கு மனசு வராதுதான். ஆனால் மூன்று வாரம் காத்திருந்து தெரிய வேண்டியது அன்றைக்கே தெரிந்துவிடுகிறது.

சரி, உண்மையிலேயே கருவுறவில்லை. கீழே விட்டு வளர்க்கும் ஷெட் என்றால் சேவலைக் கையில் தூக்கிப் பாருங்கள். தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாச் சேவலும் அழகாகத்தான் இருக்கும். நெஞ்செலும்பின் இருபுறமும் விரலை வையுங்கள். எலும்பு கத்தி மாதிரி துருத்திக்கொண்டிருந்தால் தீவனம் போதவில்லை. எடை இறங்கத் தொடங்கினால் விரை சுருங்கும், விந்து நிற்கும், அது திரும்ப வளர வாரக்கணக்கில் ஆகும். நெஞ்சு பரந்து புடைத்திருந்தால் எடை மிஞ்சிவிட்டது. ஏறும், ஆனால் இணைசேர்வதை முடிக்க முடியாது. எச்சத்துளையையும் பாருங்கள். வேலை செய்யும் சேவலுக்கு அது சிவந்து ஈரமாக இருக்கும். வெளிறி உலர்ந்திருந்தால் அந்தச் சேவல் பெயருக்குத்தான் இருக்கிறது. காலடியைத் திருப்பிப் பார்க்க மறக்காதீர்கள். தரையில் பரப்பிய நார்க்கழிவு ஈரமாகிக் கட்டிதட்டிய ஷெட்டில் பாதத்தில் புண் வந்த சேவல் பெட்டையை நெருங்கவே நெருங்காது.

சேவல் தீவனத்தைப் பெட்டை தின்கிறதா, பெட்டைத் தீவனத்தைச் சேவல் தின்கிறதா என்பதைத் தீவன நேரத்தில் ஷெட்டுக்குள் நின்று பார்த்தால்தான் தெரியும். பெட்டையின் தீவனத் தொட்டிக்கு மேல் போடும் கம்பி இடைவெளி 43 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் வளர்ந்த சேவலின் தலை நுழையாது. கம்பி வளைந்து ஓரிடத்தில் அகன்றுவிட்டாலும் சேவல்கள் அந்த இடத்தைக் கண்டுபிடித்து வரிசை கட்டும். சேவல் தொட்டி பெட்டைக்கு எட்டாத உயரத்தில், 45 முதல் 50 சென்டிமீட்டரில் தொங்க வேண்டும்.

விகிதம் தொடக்கத்தில் 100 பெட்டைக்கு 9 அல்லது 10 சேவல். வயது ஏற ஏற, வேலை செய்யாததைக் கழித்து 7, 8க்குக் கொண்டுவரலாம். குறைந்தால் கூமுட்டை, கூடினாலும் கூமுட்டைதான். சேவல்கள் ஒன்றையொன்று தள்ளிவிட்டுச் சண்டை போடும். பெட்டைகள் முதுகு இறகு உதிர்ந்து, பயந்து, முட்டைப் பெட்டிக்குள்ளேயே பதுங்கிக்கொள்ளும். 24, 25 வாரத்தில் பெட்டிக்குள் முட்டையிடாத பெட்டைகள் கூட்டமாக ஒளிந்திருந்தால், சேவல்கள் பெட்டையைவிட முந்திப் பருவத்துக்கு வந்துவிட்டன என்று அர்த்தம். கொண்டை அதிகம் சிவந்த சேவல்களில் பாதியைப் பிரித்து வைத்து, இரண்டு மூன்று தவணையாகத் திரும்ப விடுங்கள்.

40 வாரத்துக்குப் பிறகு மெல்ல மெல்லக் கருவுறுதல் இறங்குகிறது என்றால் இளம் சேவல் சேர்ப்பது பழைய வழி. 25 வாரம் முடிந்து, நாலு கிலோ எடையை எட்டிய சேவலாக இருக்க வேண்டும். தனியாக வைத்துப் பார்த்து, மைக்கோபிளாஸ்மா, சால்மொனெல்லா கிருமிகளுக்கு இரத்தப் பரிசோதனை முடிக்காமல் வெளிச் சேவலை உள்ளே விடாதீர்கள். நோய் ஏறிவிட்டால் இறங்காது. அந்த ஆபத்து வேண்டாம் என்பவர்கள், ஒரே பண்ணையின் இரண்டு ஷெட்டுக்கு இடையே கால்வாசிச் சேவலை மாற்றிப் போடலாம். வயது மாறாவிட்டாலும் புது இடம், புதுப் போட்டி என்று அவை மறுபடி இணைசேரத் தொடங்கும். பலன் ஆறு, எட்டு வாரம் நிற்கும்.

கேஜ் (கூண்டு) பண்ணையில் செயற்கைக் கருவூட்டல் என்றால் கேள்வியே வேறு. அங்கே சேவலைவிடக் கையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வரிசை வாரியாக, ஆள் வாரியாக முட்டையைக் குறித்து வையுங்கள். எல்லா வரிசையிலும் ஒரே அளவில் கூமுட்டை என்றால் விந்தில் கோளாறு, ஒரே ஒரு வரிசையில் மட்டும் என்றால் போடுகிறவர் முறையில் கோளாறு. விந்து பாலேடு மாதிரி கெட்டியான வெண்மையில் இருக்க வேண்டும். தண்ணீராகவோ, மஞ்சளாகவோ, எச்சம் கலந்தோ வந்தால் அந்தச் சேவலுடையதைச் சேர்க்காதீர்கள். ஒன்று மொத்தக் குப்பியையும் கெடுக்கும். எடுத்ததிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். நேரம் பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு. காலையில் பெட்டையின் கருப்பையில் ஓடு கட்டிய முட்டை நின்றுகொண்டிருக்கும், விந்து மேலே போகாது. போடும்போது வயிற்றை அழுத்திய கையைத் தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் போட்டால் உள்ளே போனது அப்படியே திரும்ப வந்துவிடும், வேலையாளுக்கும் தெரியாது. வேலைக்கு ஆள் பற்றாத வாரத்தில் சுற்று ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றும் பாருங்கள். நாலைந்து நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கு வயதான பேட்ச்சில் நீண்டால் உடனே தெரியும்.

ஏப்ரல், மே வெயிலில் ஷெட்டே கொதிக்கும்போது விந்தின் தரமும் விழும், சேவலும் நிழலில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். விடியுமுன் தீவனம், குளிர்ந்த தண்ணீர், ஃபாகர் (நீரைப் பனிபோலத் தூவும் கருவி), காற்றோட்டம் ஆகியவைதான் அதற்கு வழி.

இரத்த வளையம், முதல் வாரச் சாவு

கரு உண்டானது, ஆனால் இரண்டு முதல் நாலு நாளில் செத்தது. இரத்த நாளம் வட்டமாக ஒதுங்கி நிற்கும். இந்தக் கூறு கூடினால் நான் ஷெட்டைவிட்டு முட்டை அறைக்குப் போய்விடுவேன்.

முட்டை வெளியே வரும்போதே உள்ளே கரு ஆயிரக்கணக்கான செல்களாகப் பிரிந்திருக்கும். அதைத் தூங்க வைக்க வேண்டும். 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 75 முதல் 80 சதவீதம். 35 டிகிரி வெயிலில் மாலை வரை பெட்டியிலேயே கிடந்த முட்டையில் கரு வளரத் தொடங்கி, அறையில் வைத்ததும் நின்று, செட்டரில் மறுபடி தொடங்க முயன்று செத்துப்போகும். பகலில் குறைந்தது நாலு முறை எடுக்க வேண்டும், கோடையில் ஐந்தாறு முறை. ஏசி இருக்கிறது என்பது பதிலாகாது. தெர்மாமீட்டரில் இரவு எவ்வளவு ஏறியது, கரண்ட் போனபோது ஜெனரேட்டர் அந்த அறைக்கும் இணைந்திருந்ததா என்று கேளுங்கள். ஒரு பண்ணையில் ஜெனரேட்டர் ஷெட் விளக்குக்கும் மோட்டாருக்கும் மட்டும் ஓடியது, முட்டை அறை அதில் சேரவே இல்லை. மூன்று மாதம் சேவலைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஏழு நாளுக்கு மேல் வைத்த முட்டை, ஒவ்வொரு நாளுக்கும் பொரிப்பில் அரை முதல் ஒரு சதவீதம் வரை இழக்கும். சந்தை மந்தமாகி முட்டை தேங்கும் வாரங்களில் இதைக் கணக்கில் எடுங்கள். அப்புறம் புகையூட்டல். ஃபார்மலினும் பொட்டாசியம் பர்மாங்கனேட்டும் வைத்துப் புகை போடுவது கூடையில் வந்த உடனே செய்ய வேண்டிய வேலை. செட்டரில் வைத்த 12 மணி முதல் 96 மணி வரை போட்டால் கருவைக் கொன்றுவிடும். பர்மாங்கனேட்டின் மேல்தான் ஃபார்மலினை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள். அந்தப் புகை வேலையாளின் நுரையீரலுக்கும் கண்ணுக்கும் கெடுதல். முகமூடி இல்லாமல் யாரையும் உள்ளே அனுப்பாதீர்கள்.

இரண்டாம் வாரச் சாவு

இந்தக் கூறு எப்போதும் சின்னதாக இருக்கும், அதனால் நூற்றுக்கு இரண்டு என்று ஏறினாலே கவனிக்க வேண்டிய செய்தி. தாயின் தீவனத்தில் வைட்டமின் குறைவு இங்கேதான் முகம் காட்டும். ரைபோஃபிளேவின் (வைட்டமின் பி2) குறைந்தால் செத்த கருவின் மேல் இறகு முனைகள் சுருண்டு முடிச்சு முடிச்சாக இருக்கும். பொரித்து வந்தவற்றிலும் கால் விரல் உள்பக்கம் மடங்கும். ப்ரீமிக்ஸ் (தீவனத்தில் கலக்கும் வைட்டமின் கலவை) மூட்டையின் தேதியைப் பாருங்கள். தகரக் கொட்டகையில் கோடை முழுக்கக் கிடந்த ப்ரீமிக்ஸில் வீரியம் மிச்சமிருக்காது. மழைக்குப் பிறகு வந்த மக்காச்சோளத்தில் பூஞ்சை நச்சு இருக்கிறதா என்று நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

கடைசி வாரச் சாவு, கொத்தியும் வராதவை

இது பெரும்பாலும் ஹேச்சரியின் கணக்கு: வெப்பம், ஈரப்பதம், திருப்புதல். 18ஆம் நாளில் முட்டை தன் எடையில் 12 சதவீதத்தை ஒட்டி இழந்திருக்க வேண்டும். ஒரு டிரேயை வைக்கும்போதும் எடுக்கும்போதும் எடை போட்டால் தெரிந்துவிடும். குறைவாக இழந்திருந்தால் குஞ்சு ஈரமாக, மூழ்கின மாதிரி இருக்கும். அதிகம் இழந்திருந்தால் சவ்வில் ஒட்டிக்கொள்ளும். தலை குறுகிய முனையில் இருந்த குஞ்சுகள் அதிகம் என்றால், டிரேயில் முட்டையைத் தலைகீழாக அடுக்கியிருக்கிறார்கள். அந்தத் தவறு பண்ணையிலேயே நடந்திருக்கவும் வாய்ப்புண்டு.

செட்டரில் முட்டை வெடிக்கிறது

ஒரு முட்டை வெடித்தால் சுற்றியிருக்கும் எல்லா முட்டையிலும் கிருமி தெறிக்கும். மூலம் மூன்றில் ஒன்று: தரையில் இட்ட முட்டை, ஈரத்துணியால் துடைத்த முட்டை, வியர்த்த முட்டை. குளிர்ந்த அறையிலிருந்து நேராகச் சூடான, ஈரக்காற்றுள்ள வண்டிக்கு ஏற்றினால் ஓட்டின் மேல் நீர் பூக்கும், கிருமி துளை வழியே உள்ளே இழுக்கப்படும். அழுக்கைக் காய்ந்த நிலையில் சுரண்டியெடுங்கள், தண்ணீர் வைக்காதீர்கள். தரை முட்டையைத் தனி டிரேயில், செட்டரின் அடித்தட்டில் வையுங்கள்.

தரை முட்டையே கூடுகிறது என்றால் பெட்டி போதவில்லை என்று பொருள். நாலைந்து பெட்டைக்கு ஒரு பெட்டி வேண்டும். முட்டையிடும் நேரத்தில் தீவனம் போடுவதும் ஒரு காரணம். பெட்டை தீவனத்துக்கு ஓடிவந்து வழியிலேயே இட்டுவிடும். முட்டையிடத் தொடங்கும் முதல் சில வாரம், ஷெட்டுக்குள் ஆள் அடிக்கடி நடந்து மூலைகளில் உட்காரும் பெட்டைகளைக் கிளப்பிவிட்டால் பழக்கம் சரியாகும்.

உச்சத்துக்கே ஏறவில்லை

30 வாரத்தில் முட்டை உற்பத்தி 85 சதவீதத்தை ஒட்டி வர வேண்டியது 72இல் நின்றுவிட்டது. இதற்கு அந்த வாரத்தில் விடை கிடையாது. வளர்ப்புப் பருவத்தின் எடைப் பதிவேட்டை எடுங்கள். சராசரி எடை சரியாக இருந்தது என்பார்கள். சராசரி ஏமாற்றும். சராசரியிலிருந்து பத்து சதவீதம் மேலும் கீழும் உள்ள எல்லைக்குள் எத்தனை கோழி என்று எண்ணுங்கள். 80 சதவீதத்துக்குக் கீழே என்றால், 21 வாரத்தில் விளக்கு நேரத்தைக் கூட்டியபோது பாதிப் பெட்டைகள் தயாராகவே இல்லை. இந்தக் கோழிகள் கட்டுப்பாட்டுத் தீவனத்தில் வளர்பவை, எப்போதும் பசியோடு இருப்பவை. தொட்டியில் ஓரிடத்தில் தீவனம் தாமதமாக வந்தாலே வலுத்தது தின்று, இளைத்தது நின்றுவிடும். மூன்று நாலு நிமிடத்துக்குள் ஷெட் முழுவதும் தீவனம் போய்ச் சேர வேண்டும், ஒரு பெட்டைக்கு 15 சென்டிமீட்டர் இடம் வேண்டும்.

உற்பத்தி ஏறும் நாட்களில் தினமும் முட்டை எடை போடுங்கள். மூன்று நாலு நாள் தொடர்ந்து எடை ஏறாமல் நின்றால் தீவனம் பற்றவில்லை. மாறாக, இரட்டைக் கரு, வயிற்றுக்குள் முட்டை உடைந்து சாவு, கருக்குழாய் வெளியே தள்ளுவது எல்லாம் வந்தால், தீவனத்தையும் வெளிச்சத்தையும் அவசரப்பட்டுக் கூட்டியிருக்கிறீர்கள்.

திடீரென்று முட்டை விழுந்தது, ஓடு வெளுத்தது

முதலில் தண்ணீர். நிப்பிள் வரிசை அடைத்ததா, டேங்க் வெயிலில் சுட்டதா? அப்புறம் விளக்கு டைமர், அப்புறம் தீவனம், கடைசியில்தான் நோய். ராணிக்கெட் (வெள்ளைக் கழிச்சல்), ஐபி (தொற்று மூச்சுக்குழல் அழற்சி), இடிஎஸ் (முட்டை வீழ்ச்சி நோய்), எச்9என்2 (ஒரு வகைப் பறவைக் காய்ச்சல்) ஆகியவை எல்லாமே முட்டையை வீழ்த்தும். ஓடு சுருங்கி வெள்ளைக்கரு தண்ணீராக இருந்தால் ஐபி மீது சந்தேகம் வைக்கலாம். நிறம் போய், ஓடு மென்மையாகி, கோழி மட்டும் நலமாக இருந்தால் இடிஎஸ். உறுதிசெய்ய இரண்டு மூன்று வார இடைவெளியில் இரண்டு முறை இரத்தம் எடுக்க வேண்டும்.

ஒருமுறை ஒரு ஷெட்டில் பழுப்பு முட்டை இரண்டே நாளில் வெள்ளையாக மாறியது. கோழிகள் நன்றாகத் தின்றன, சளி இல்லை, சாவு இல்லை. நான் இடிஎஸ் என்று நினைத்து இரத்தம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். தீவனம் இறக்கும் அண்ணன்தான் "சார், வெளுத்தது புது லோடு வந்த மறுநாளு" என்றார். விசாரித்தால், நமக்கு அரைப்பதற்கு முன் அதே மிக்சரில் நிகார்பசின் கலந்த பிராய்லர் தீவனம் ஓடியிருந்தது. இறைச்சிக் கோழிக்கு இரத்தக் கழிச்சல் வராமல் இருக்கப் போடும் மருந்து அது. தாய்க்கோழி தின்றால் ஓட்டின் நிறம் போகும், பொரிப்பும் விழும். தீவனத்தை மாற்றியதும் நிறம் திரும்பியது. அதிலிருந்து ஒவ்வொரு லோடிலும் அரை கிலோ மாதிரி எடுத்து, தேதி எழுதி, இரண்டு மாதம் வைக்கச் சொல்கிறேன்.

காலையில் பெட்டிக்குள் பெட்டை செத்துக் கிடக்கிறது

25 முதல் 30 வாரத்துக்குள், சதைப்பற்றுள்ள நல்ல பெட்டை, உள்ளே முட்டை இருக்கும், வேறு எந்த நோய்க்குறியும் இருக்காது. இரவில் ஓடு கட்டச் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் இரத்தத்தில் அளவு இறங்கிச் சாவது இது. பிற்பகலில் பெட்டைக்கு ஐந்து கிராம் கிளிஞ்சல் தூவினால் சில நாளில் நிற்கும்.

பொரித்த குஞ்சு நடுங்குகிறது

தாயிடம் இரண்டு வாரம் முட்டை ஐந்து முதல் பத்து சதவீதம் இறங்கி, தானாகவே திரும்பியிருக்கும், யாரும் பெரிதாக நினைத்திருக்க மாட்டார்கள். பிறகு குஞ்சுகள் தலையும் கழுத்தும் நடுங்கி, பக்கவாட்டில் சாய்ந்து விழும். கோழி மூளையழற்சி வைரஸ் முட்டை வழியே இறங்கியிருக்கிறது. மருந்து இல்லை. முட்டையிடும் கோழிக்கு இப்போது தடுப்பூசியும் போடக் கூடாது. அது 10 முதல் 15 வாரத்துக்குள் போட வேண்டியது, அடுத்த பேட்ச்சுக்குக் குறித்து வையுங்கள். முட்டை இறங்கிய அந்த நாட்களின் முட்டையைக் கணக்கிட்டு, இன்னும் செட்டரில் வைக்காதது இருந்தால் நிறுத்துங்கள். ஏற்கெனவே பொரித்துப் போன குஞ்சு எந்தெந்த வளர்ப்புப் பண்ணைக்குப் போனது என்று டெலிவரி நோட்டைப் பார்த்து, அவர்களை நீங்களே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். நடுங்கும் குஞ்சுகளை வைத்துக்கொண்டு, குஞ்சுக்குச் சூடு கொடுக்கும் தங்கள் புரூடரில்தான் ஏதோ தவறு என்று அவர்கள் அங்கே இரவெல்லாம் விழித்துக்கொண்டிருப்பார்கள்.